பூட்ஸ் மாட்டும் தோசைத்திருப்பி

ஏப்ரல் 21, திங்கள்

அதிகாரிகளின் வீடுகளில் வேலை பார்க்கும் காவலர்களை உடனே ஆயுதப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு இன்று காலை 10.20க்கு என் மேசைக்கு வந்தது. 11.00 மணிக்கு நிறைவேற்றிவிட்டேன். மாவட்டத்தில் இருக்கும் டி.எஸ்.பி.க்களில் முதலில் நிறைவேற்றியது நானாகத்தான் இருக்கும்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள். முப்பத்து மூன்று வருடம் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பை எழுதியும், பிறர் எழுதியதைத் திருத்தியும் பழகியவன். இந்த நாற்பது நாளையும் அதே ஒழுங்கில் எழுதி வைக்கப்போகிறேன். நேரம், நடந்தது, எடுத்த நடவடிக்கை. வேறொன்றும் தேவையில்லை.

திருப்பி அனுப்பப்பட்டவன் அழகுமலை. ஆயுதப்படைக் காவலர். பதினோரு வருடம் என்னிடம் இருந்தான். மூன்று ஊர் மாற்றலிலும் கூடவே வந்தான். காலையில் பூட்ஸ் மாட்டிவிடுவது, மாலையில் கழற்றுவது, பாலிஷ், இஸ்திரி. ஸ்டேஷன் பணி கேட்டு மூன்று முறை மனு கொடுத்திருக்கிறான். அவன் நன்மை கருதி நான் மேலே அனுப்பவில்லை. அவன் சுபாவத்துக்கு ஸ்டேஷன் ஒத்துவராது.

முறைப்படி பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதி வாங்கினேன். பிரஷ் 2, பழுப்புப் பாலிஷ் டப்பா 3, துடைக்கும் துணி 6, பவுடர் டப்பா 1, சாக்ஸ் 9 ஜோடி, கைக்கண்ணாடி 1.

"கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஐயா, அது வந்து, உங்க..."

"பாலிஷ் போடுற நேரத்துல மீசை முறுக்கிக்கவா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சந்தனம் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு, "ஐயா, சாயந்தரம் கழட்டுனதும் ஒரு தடவ..." என்று ஆரம்பித்தான்.

"பதினோரு வருஷமா நீ பண்ணத நான் பாக்கலையா? எனக்கே பாடமா? போய் ரிப்போர்ட் பண்ணுய்யா."

சல்யூட் அடித்துவிட்டுப் போனான். நல்ல காவலர்தான். ஒரே குறை, அளவுக்கு மீறிய பணிவு. பூட்ஸைக் கழற்றியதும் விட மாட்டான். பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கைப் பிரித்து, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பித் துடைப்பான். தினமும் நான்கு நிமிடம் வீண். பலமுறை சொல்லியும் கேட்டதில்லை.

கண்ணாடியை என் மனைவி பிரபாவதி சமையலறைக்கு எடுத்துப்போய்விட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை 6.50க்குப் பூட்ஸை எடுத்தேன். இரண்டும் காலில் ஏறியபோது மணி 7.21. பூட்ஸில் எந்தக் குறையும் இல்லை. குனிந்தால் வயிறு தடுக்கிறது, வயிற்றைத் தாண்டினால் இடுப்பு தடுக்கிறது. விரல் குதிகால்வரை போவதில்லை.

"நான் மாட்டிவிடவாங்க?" என்றாள் பிரபாவதி. அவளுக்கு முழங்கால் மடங்காது. மடங்கினாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சாப்பாட்டுக் கரண்டியின் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் விட்டு நெம்பினேன். ஏறிவிட்டது. கரண்டி வளைந்துவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

இரண்டாவது கரண்டியும் வளைந்தது. நீளமும் போதவில்லை. சமையலறையைச் சோதனையிட்டதில் தகுந்த கருவி கிடைத்தது: இரும்புத் தோசைத்திருப்பி. நீளம் பதினான்கு அங்குலம். பிடி உறுதி.

பிரபாவதி ஒத்துக்கொள்ளவில்லை. "அது பதினெட்டு வருஷமா கல்லுல தேஞ்சது. தேஞ்சு தேஞ்சு கத்தி மாதிரி ஆனதுனாலதான் ரவா தோசை பிய்யாம வருது. வேற எதையாவது எடுங்க."

"புதுசு வாங்கிக்க."

"புதுசு வாங்குனா இது மாதிரி தேய இன்னும் பதினெட்டு வருஷம் ஆகும்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள வெல்டிங் பட்டறையில் கொடுத்து, தட்டையாக இருந்த முன்பகுதியைக் குதிகாலின் வளைவுக்கு ஏற்றபடி வளைத்து வாங்கினேன். பிடியின் முனையில் ஓட்டை போட்டு, வராந்தாவில் ஆணி அடித்து மாட்டியாயிற்று.

ஏப்ரல் 24, வியாழன்

ஐந்து நிமிடம். குனியவே வேண்டியதில்லை. லேஸைத் தளர்வாக முடிந்து நிரந்தரமாக அப்படியே விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, திருப்பியைப் பூட்ஸுக்குள் இறக்கி, குதிகாலை அழுத்தினால் சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது. கழற்றுவதற்கு வராந்தாப் படியின் விளிம்பு போதும். சாக்ஸையும் திருப்பியாலேயே தள்ளிக் கழற்றி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுகிறேன்.

இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஓர் அரசு ஊழியரைப் பதினோரு வருடம் வைத்திருந்தோம். உத்தரவு சரியானதுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

இதுவரை மூன்று சாக்ஸ் கிழிந்திருக்கின்றன. மூன்றும் குதிகாலில். இடது. சாயமும் போகிறது. "சாக்ஸ் ஊறவச்ச தண்ணி செங்கல் கரைச்ச மாதிரி இருக்குய்யா" என்றாள் சந்தனம். சாக்ஸின் நிறமும் ஏறக்குறைய அதுதான். தரக்குறைவு பற்றிக் கடைக்காரருக்கு எழுத்துமூலமாகத் தெரிவித்தேன்.

மே 1, வியாழன்

அம்மன் கோயில் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து. கோயிலுக்குள் யாருக்கும் காலணி கிடையாது. பகல் 12.15 முதல் 1.40 வரை வெளிப்பிராகாரத்துக் கருங்கல் தளத்தில் நின்றேன். இளவயதுக் காவலர்கள் கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததுபோல் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருவன் தன் தொப்பியைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றான், கண்டித்தேன்.

"எப்படிங்கய்யா அசையாம நிக்கிறீங்க?" என்று பெண் எஸ்.ஐ. கேட்டார்.

"பயிற்சி" என்றேன்.

உண்மையிலேயே எனக்குச் சூடு தெரியவில்லை. இந்த வயதிலும் உடம்பு சொன்னபடி கேட்கிறது.

மே 3, சனி

பூட்ஸுக்குள் எறும்பு. இடது பூட்ஸில் அதிகம். சந்தனத்தைக் கூப்பிட்டு, வராந்தாவில் யார் தின்பண்டம் சிந்தியது என்று விசாரித்தேன்.

"தோசைத்திருப்பியில பூட்ஸ் மாட்டுனா எறும்பு வராம போலீசா வரும்? பதினெட்டு வருஷத்துத் தோசை வாசமுய்யா அது."

வாயாடி. ஆனால் சொன்னதில் நியாயம் இருக்கிறது. திருப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூட்ஸைச் சுற்றி எறும்புப் பொடி தூவச் சொன்னேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடக்கம். பூட்ஸ் மாட்ட இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இதுவரையில் இதுதான் குறைவு.

மே 8, வியாழன்

மாலையில் குளிர்ந்தது. நாடே வெந்துகொண்டிருக்கும்போது நான் போர்வை கேட்டேன். காய்ச்சல் மாத்திரை ஒன்று. காலையில் சரியாகிவிட்டது.

இடது பூட்ஸ் இறுக்கம். வெயிலில் தோல் சுருங்கும்.

"கால் வீங்கின மாதிரி தெரியுதுங்க. இங்க காட்டுங்க" என்றாள் பிரபாவதி.

"ஜீப்புல உக்காந்தே இருந்தா வீங்கத்தான் செய்யும்."

"சக்கரைக்கு டெஸ்ட் எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

மாத்திரை வேளை தவறுவதில்லை. டெஸ்ட், டாக்டர் எல்லாம் முப்பத்தோராம் தேதிக்குப் பிறகு. அதற்கு முன் மருத்துவமனைப் பக்கம் போனால், படுக்கச் சொல்வார்கள். பிரிவுபசார அணிவகுப்பு போய்விடும்.

மே 10, சனி

மைதானத்தை நேரில் பார்த்துவந்தேன். மேடையிலிருந்து அணியின் முதல் வரிசைக்கு அறுபது தப்படி, திரும்ப அறுபது. ஓய்வு பெறும் அதிகாரி அந்த நூற்று இருபது தப்படியை நடந்து அணியைப் பார்வையிட வேண்டும். பிறகு அவரை ஜீப்பில் நிற்கவைத்து, வடம் கட்டி, ஊழியர்கள் வாசல்வரை இழுத்துச் செல்வார்கள்.

நான் எஸ்.ஐ.யாகச் சேர்ந்த வருடம் ஒரு டி.எஸ்.பி. இப்படி விடைபெற்றதைப் பார்த்தேன். அவர் முகம் மறந்துவிட்டது. சிமெண்டுத் தரையில் அவர் பூட்ஸ் எழுப்பிய சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது. அதேபோல் ஒரு நாள் நானும் நடந்து போவேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இருபத்தோரு நாள் இருக்கிறது.

மே 12, திங்கள்

வீட்டுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

மாலை 5.35க்கு வந்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போனேன். 5.50க்குக் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, கூடத்து வெள்ளை டைல்ஸில் கறைகளைக் கண்டேன். நிறம் பழுப்பு கலந்த சிவப்பு. அளவு நாவல்பழம். இரத்தம், அதில் ஐயமில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் பார்க்காத இரத்தமா.

டேப் வைத்து அளந்து, வரைபடம் தயாரித்தேன். மொத்தம் ஒன்பது கறை. வராந்தாப் படியில் தொடங்கிக் குளியலறை வாசலில் முடிகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி நான்கடி. வலது காலுக்குத் தடயம் இல்லை. எனவே, நுழைந்த நபர் வெறுங்காலோடு வந்தவர். அவருடைய இடது குதிகாலில் காயம். காலடி இடைவெளியைக் கொண்டு பார்த்தால் உயரம் சுமார் ஐந்தடி ஒன்பது அங்குலம். இந்த வீட்டில் என்னைத் தவிர அவ்வளவு உயரமானவர்கள் யாரும் கிடையாது. ஆகவே வெளியாள்.

குளியலறையிலிருந்து திரும்பிய தடயம் இல்லை. ஜன்னல் வழியாக வெளியேறியிருக்கலாம். ஜன்னலின் அகலம் ஒன்பது அங்குலம். மிக ஒல்லியான நபர்.

"அப்ப நீங்கதான உள்ள குளிச்சுக்கிட்டிருந்தீங்க?" என்று பிரபாவதி கேட்டாள். அந்தக் கேள்வி என்னிடமும் இருக்கிறது.

பொருள் எதுவும் காணாமல் போகவில்லை.

மே 13, செவ்வாய்

விசாரணை தொடர்கிறது. முதலில் வீட்டில் உள்ளவர்களை விலக்க வேண்டும் என்பது நடைமுறை. சந்தனத்தையும் தோட்டக்காரரையும் வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்துப் பாதங்களைப் பார்த்தேன். தோட்டக்காரருக்குப் பித்தவெடிப்பு, பழையது. சந்தனம் காலை நீட்டிக்கொண்டு, "நல்லா பாத்துக்கங்கய்யா, மெட்டி மூணு சுத்து, களவாண்டுட்டுப் போயிராதீங்க" என்றாள். பிரபாவதியின் பாதங்களையும் பார்த்தேன். குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன். மனைவி என்பதால் விதிவிலக்கு இல்லை.

"உங்க காலையும் ஒரு தடவ பாத்திருங்களேன்" என்றாள் பிரபாவதி.

"புகார் குடுத்தவனையே சந்தேகப்படற வழக்கம் இல்ல."

மாலை 5.50க்கு மறுபடி கறை. இன்று பதினொன்று. நேற்றைவிடப் பெரியவை. நபர் பயமற்றவர்.

பின்வாசலின் இன்னொரு சாவி யாரிடம் இருந்தது என்று யோசித்தேன். அழகுமலையிடம். பதினோரு வருடம் இந்த வீட்டுக்குள் புழங்கியவன். நான் எப்போது வருவேன், எத்தனை நிமிடம் குளிப்பேன் என்பது அவனுக்குத்தான் தெரியும். திருப்பி அனுப்பப்பட்ட வருத்தமும் இருக்கலாம். நாளை மாலை நான்கு மணிக்கு வரச்சொல்லித் தகவல் அனுப்பியிருக்கிறேன்.

மே 14, புதன்

இதை மருத்துவமனையில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

மாலை 4.00க்கு அழகுமலை வந்தான். சீருடையில் இருந்தான். உத்தரவுக்குப் பிறகு அவனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதுபோல் இருந்தது.

"திங்கள்கிழமை சாயந்தரம் அஞ்சு முப்பத்தஞ்சுலருந்து அஞ்சு அம்பதுவரைக்கும் எங்க இருந்த?"

"ஸ்டேஷன் வாசல்ல பாரா டூட்டிங்கய்யா. நோட்டுல கையெழுத்து இருக்கு."

"பின்வாசல் சாவி?"

"அன்னைக்கே அம்மாகிட்ட குடுத்திட்டேங்கய்யா."

பிரபாவதி ஆமாம் என்று தலையசைத்தாள். இதுவரை அதை என்னிடம் சொல்லவில்லை. வரைபடத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கறைகள், இடைவெளி, உயரக் கணக்கு, ஜன்னல். அவன் அதை நெடுநேரம் பார்த்தான்.

"ஐயா, இந்தக் கறையெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்னாடி இருந்துச்சா?"

"இல்ல. நான் குளிக்கப் போனப்புறம்."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

எழுந்து வராந்தாவுக்குப் போனான். ஆணியில் மாட்டியிருந்த தோசைத்திருப்பியை எடுத்தான். முனையில் கட்டைவிரலை வைத்து லேசாக இழுத்தான். பிறகு விரலைப் பார்த்தான். ஒரு கோடு மாதிரி இரத்தம் துளிர்த்திருந்தது.

"அம்மா, அந்தக் கைக்கண்ணாடி எங்கம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான். பிரபாவதி எடுத்து வந்தாள். அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஐயா, இடது காலைக் காட்டுங்க."

"என்னய்யா, விசாரணை எனக்கா?"

"ஆமாங்கய்யா."

இதுவரை அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கீழே உட்காரவில்லை. ஒரு முக்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தான். சீருடையில் கறை படுமே என்று சொன்னேன். "படட்டுங்கய்யா" என்றான். பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோல் வாங்கி லேஸை வெட்டினான். சாக்ஸைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு கண்ணாடியைக் குதிகாலுக்குப் பின்னால் பிடித்து, எனக்குத் தெரியும்படி சாய்த்தான்.

கண்ணாடியில் ஒரு குதிகால் தெரிந்தது. குறுக்கே மூன்று வெட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக. பெரியது இரண்டு அங்குலம். விளிம்பு கறுப்பு, நடுவில் வெளுப்பு. விரல்நுனி உள்ளே போகும் ஆழம். காயம் பத்துநாளுக்கு மேல் பழையது. ஓரத்தில் இரண்டு எறும்பு. வேறு யாருடைய காலாக இருந்தாலும், இவர் எப்படி இவ்வளவு நாள் நடந்தார் என்று கேட்டிருப்பேன்.

அழகுமலை தொட்டான். தொட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். காலில் தெரியவில்லை.

"வலிக்குதாங்கய்யா?"

"நீ தொடுறியா?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு ஒரு கருவேல முள்ளுங்கய்யா" என்றான் அழகுமலை. "சக்கரை உடம்பு, தெரியல. முழங்காலுக்குக் கீழ இப்ப இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்களச் சோதிச்ச டாக்டரம்மா, நீங்க ஜீப்புக்குப் போனப்புறம் என்னயக் கூப்பிட்டாங்க. உங்கய்யாவுக்குக் கால்ல உணர்ச்சி கொறஞ்சுக்கிட்டு வருது, அவரு நின்னு கேக்க மாட்டாரு, நீ தெனமும் கண்ணாடி வச்சுப் பாருன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பாக்க விடமாட்டீங்கய்யா."

மாலை 4.40க்கு மருத்துவமனை. ஜீப் வரும்வரை அவன் என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஆயுதம் கைப்பற்றப்பட்டது. இப்போது பிரபாவதியின் பையில் இருக்கிறது. ஏன் எடுத்துவந்தாள் என்று கேட்டதற்கு, டாக்டரிடம் காட்ட என்றாள்.

மே 15, வியாழன்

எலும்புவரை சீழ் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். படம் எடுத்திருக்கிறார்கள். முடிவு தெரிய மூன்று நான்கு நாள்.

மே 16, வெள்ளி

காலில் வலி இல்லை. இருந்தால் நன்றாயிருக்கும்.

மே 17, சனி

சந்தனம் வந்தாள். கதவுக்கு வெளியிலிருந்து பேசினாள். "சாக்ஸ் தண்ணிய நான்தான ஊத்துனேன். சாயம்னு நெனச்சுட்டேனே அம்மா" என்று பிரபாவதியிடம் அழுதாள். அவளை விசாரணையில் வரிசையில் உட்காரவைத்தது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரபாவதியிடம், அவளுக்கு ஒரு டீ வாங்கித்தரச் சொன்னேன்.

அழகுமலைக்கு லீவு கிடைக்கவில்லையாம். தினமும் மாலையில் போன் செய்து பிரபாவதியிடம் கேட்கிறார்.

மே 19, திங்கள்

எலும்பு தப்பியிருக்கிறது. காலை 9.30 முதல் 10.45 வரை சதையை மட்டும் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். டாக்டர் இளைஞர். "இன்னும் அஞ்சாறு நாள் விட்டிருந்தா நம்ம வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம் சார்" என்றார். பூட்ஸ் எப்போது போடலாம் என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். பிறகு பிரபாவதியைப் பார்த்தார். அவள் பையிலிருந்து தோசைத்திருப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மே 26, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. இடது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கக்கத்தில் ஊன்றுகோல்.

மேசை இழுப்பறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பழைய கோப்பு ஒன்றில் காவலர் அழகுமலையின் மனுக்கள் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு வருட இடைவெளியில். ஸ்டேஷன் பணி கேட்டு. மூன்றிலும் என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: "பார்க்கலாம்."

மே 28, புதன்

முகாம் அலுவலக எழுத்தரை வீட்டுக்கு வரவழைத்து, காவலர் அழகுமலைக்கு நற்பணிப் பதிவு கோரும் பரிந்துரை ஒன்று எழுதச் சொன்னேன்.

"எதுக்குங்கய்யா?"

"பதினோரு வருஷம் பாத்த வேலைக்கு."

எழுத்தர் பேனாவை மூடினார். "அந்த வேலையே ரெக்கார்டுல கிடையாதுங்களேய்யா. சிறப்புப் பணின்னுதான் இருக்கு. என்ன சிறப்புன்னு கேட்டா, பூட்ஸ் மாட்டுனதுன்னு எழுத முடியுமா?"

எழுத முடியாது. சற்று யோசித்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்.

"இம்மாதம் 14ஆம் தேதி, துணைக் கண்காணிப்பாளர் குடியிருப்பில் காணப்பட்ட இரத்தத் தடயங்களை ஆராய்ந்து, விசாரணை அதிகாரி இரண்டு நாட்களாகத் தவறவிட்ட காயம்பட்ட நபரைச் சில நிமிடங்களில் அடையாளம் கண்டு, ஆயுதத்தைக் கைப்பற்றி, மேற்படி நபரை உடனே மருத்துவமனையில் சேர்த்து அவரது காலைக் காப்பாற்றியமைக்கு."

"விசாரணை அதிகாரி பேர் போடணுமாங்கய்யா?"

"போடணும். குருநாதன், டி.எஸ்.பி."

"காயம்பட்ட நபர்?"

"மேற்படியார்."

எழுத்தர் தலை நிமிரவில்லை. எழுதி முடித்தார். இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் இதில் மட்டும்தான் திருத்தம் ஏதும் தேவைப்படவில்லை.

மே 31, சனி

சீருடை அணிந்தால் பூட்ஸ் அணிய வேண்டும். பூட்ஸ் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆகவே வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது காலில் மட்டும் செருப்பு.

காலை 8.00 மணிக்கு மைதானம். நூற்று இருபது தப்படி நடக்க முடியாது என்பதால், எஸ்.பி. ஒரு ஏற்பாடு செய்திருந்தார். நான் மேடையருகே நாற்காலியில் இருக்க, அணி என்னைக் கடந்து சென்றது. சிமெண்டுத் தரையில் அறுபத்து நான்கு ஜோடி பூட்ஸ். அந்தச் சத்தம்தான். அது நடப்பவனைவிட உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகக் கேட்கிறது.

மூன்றாவது வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது, அழகுமலை. அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக என்று சொல்ல வேண்டும். முகம் பார்க்கலாம்போல் பளபளப்பு.

வடம் இழுக்கும் முன் எல்லோரும் சால்வை போட்டார்கள். சுவர்க்கடிகாரம் நான்கு வந்தன. கடைசியில் அவர் வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தார். பூட்ஸ் மாட்ட உதவும் கருவி, மரத்தில் கடைந்தது, நீளம் இரண்டடி. முனை உருண்டை.

"இப்ப வேணாங்கய்யா. டாக்டர் போடச் சொன்னப்புறம்" என்றார். "விளிம்ப என் கன்னத்துல தேச்சுப் பாத்துட்டேன். கீறாது."

நானும் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"உங்க அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"இருக்காருங்கய்யா. ஒத்தக் கால்லயே ஆடு மேய்க்கிறாரு" என்றார். சிரித்தார். ஜீப்பைச் சுற்றி எல்லோரும் வடத்தைப் பிடித்தார்கள். அவரும் போய்ப் பிடித்தார்.

ஜூன் 1, ஞாயிறு

காலை 6.50. பாதங்கள் பார்க்கப்பட்டன. வலது: விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால், காயமில்லை. இடது: கட்டு உலர்ந்திருக்கிறது, வாடை இல்லை, எறும்பு இல்லை. கண்ணாடி பிடித்தது: பிரபாவதி. பார்த்தது: நான். எடுத்துக்கொண்ட நேரம்: நான்கு நிமிடம்.